சிறைக்கு யார்? வீட்டுக்கு யார்?

ஒரே ஊர்; ஒரே நாள்; ஒரே நீதிமன்றம். இருவர் நிற்கின்றனர் கூண்டிலே. இருவர் மீதும் சாட்டப்பட்டது ஒரே குற்றம். இருவருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பு வரையிலே இருவருக்கும் ஒரே பாதைதான். அதற்குப் பின்னர்தான் பாதை பிரிகிறது. ஒருவன் நன்னடத்தைப் பிணையிலே கையெழுத்திட்டு வீட்டுக்குப் போகிறான். மற்றவனைக் காவலர் கையைப் பிடித்துச் சிறைக்கு அழைத்துச் செல்கின்றனர்.

ஏன்? எது பிரித்தது இவ்விருவரையும்?

சட்டத்தைக் கேட்டால் விடை எளிது. குற்றத்தின் கடுமை, குற்றவாளியின் வயது, அவனுடைய முன்நடத்தை ஆகிய இம்மூன்றையும் எண்ணிப் பார்த்து நீதிபதி முடிவு செய்கிறார் என்று சட்டநூல் சொல்லும். நல்ல விடைதான். ஆனால் முழு விடையா என்றால், அல்ல என்கிறது வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இங்கே சிறிது புரட்டிப் பார்க்க விரும்புகிறோம். தண்டனை என்பது குற்றத்தைப் பார்த்து அளக்கப்பட்டதா, ஆளைப் பார்த்து அளக்கப்பட்டதா என்ற கேள்வியைக் கையிலே வைத்துக்கொண்டு புரட்டுவோம்.

கருணைக்கும் ஒரு வருணம்

மன்னித்து விடுவது, தண்டனையைக் குறைப்பது, சிறைக்கு மாற்றாக வேறு வழி தேடுவது என்பனவெல்லாம் புதிய காலத்தின் கண்டுபிடிப்புகள் என்று எண்ணிவிட வேண்டாம். பழங்காலமும் கருணையை அறிந்திருந்தது. யாரிடம் காட்டுவது என்பதிலேதான் அதற்குத் தனிக் கணக்கு இருந்தது.

மனுவின் நூலை எடுத்துக் கொள்வோம். எட்டாம் அத்தியாயத்திலே தண்டனைகள் பேசப்படுகின்றன. மற்ற வருணத்தாருக்கு உயிர்த்தண்டனை விதிக்கப்படும் இடத்திலே பார்ப்பனனுக்குத் தலையை மழிப்பதே தண்டனையாகும் என்று வகுக்கிறது அந்நூல். எல்லாக் குற்றமும் செய்தவனாயினும் அவனைக் கொல்லலாகாது; உடைமையோடு, உடலுக்கு ஊறின்றி நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்றும் கூறுகிறது. வைதல் குற்றத்துக்கும் விலைப்பட்டியல் உண்டு. பார்ப்பனன் சூத்திரனை வைதால் 12 பணம் அபராதம். சூத்திரன் பார்ப்பனனை வைதாலோ உடல் தண்டனை. வாயிலிருந்து வந்தது அதே வசைச்சொல்தான். சொன்னவன் யார், கேட்டவன் யார் என்பதே தண்டனையைத் தீர்மானித்தது.

இது ஏட்டுச் சுரைக்காய், வெள்ளையன் வந்ததும் மாறிவிட்டது என்பாரும் உண்டு. அவர்களுக்கு 1816-ஆம் ஆண்டைக் காட்டுவோம். அவ்வாண்டு சென்னை மாகாணத்திலே 11-ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கிராமத் தலைவருக்குச் சிறு குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் உரிமையை அது தந்தது. வசை, கைகலப்பு போன்ற அற்பக் குற்றம் செய்தவனைக் கிராமச் சாவடியிலே 12 மணி நேரத்துக்கு மேற்படாமல் அடைத்து வைக்கலாம். குற்றவாளி 'தாழ்ந்த சாதி' எனப்பட்டவனாயின் தொழுமரத்திலே 6 மணி நேரம் வரை மாட்டி வைக்கலாம். இழிவான தண்டனை என்று அச்சட்டமே ஒப்புக்கொண்டது. அந்த இழிவு யாருக்குப் பொருந்தும் என்பதையும் அதுவே எழுதி வைத்தது. சாவடியா, தொழுமரமா என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் சாதியிடம் ஒப்படைத்தது, சமத்துவம் பேசி வந்த ஆட்சி!

இங்கு மட்டுமா இந்த நிலை? இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே பல நூற்றாண்டு நிலவியது குருமார் சலுகை. கோயில் குரு குற்றம் செய்தால் அரசன் நீதிமன்றம் அவனைத் தூக்கிலிடக் கூடாது; திருச்சபை மன்றமே விசாரிக்கும். நாளடைவிலே, குரு என்பதற்கு அடையாளம் படிக்கத் தெரிவதே என்றாயிற்று. கூண்டிலே நிற்பவனிடம் விவிலியத்தை நீட்டுவார்கள். 51-ஆம் சங்கீதத்தின் ஓரடியைப் படித்துவிட்டால் கழுத்துத் தப்பியது. அதனாலேயே அந்த அடிக்குக் 'கழுத்துப் பாட்டு' என்று பெயர் வைத்தனர் மக்கள். 1489-ஆம் ஆண்டுச் சட்டம், குருவல்லாதார் இச்சலுகையை ஒரு முறைதான் பெறலாம் என்று வரம்பு கட்டி, பெற்றதற்கு அடையாளமாகக் கட்டைவிரலிலே சூடு போட்டது. நாடகப் புலவர் பென் ஜான்சன் 1598-இல் ஒரு நடிகரை வாட்போரிலே கொன்றுவிட்டு இவ்வழியில்தான் உயிர் தப்பினார். கட்டைவிரலிலே சூடு பட்டது, கழுத்திலே கயிறு படவில்லை.

படித்தவன் பிழைத்தான், படிக்கத் தெரியாத உழவன் அதே குற்றத்துக்குத் தூக்கிலே தொங்கினான். பெண்களுக்கு இச்சலுகை ஆண்களுக்கு இணையாகக் கிடைத்தது 1691-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே. படிப்புத் தேர்வு 1706-இல் ஒழிந்தது. சலுகை முழுவதும் 1827-இல் ஒழிந்தது. முதற் குற்றவாளிக்கு ஒரு வாய்ப்பு என்ற இன்றைய கருத்தின் முன்னோடிகளுள் ஒன்றாகச் சட்ட வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர். ஆம், கருணையின் விதை அங்கேயும் இருந்தது. ஆனால் அது வளர்ந்தது மேட்டுக்குடியின் கொல்லையிலே!

செருப்புத் தைத்தவர் செய்த புரட்சி

இந்தக் கொல்லையின் வேலியை உடைத்தவர் யார்? வேந்தரா? வேதியரா? சட்ட மேதையா? எவரும் அல்லர். பாஸ்டன் நகரிலே காலணி செய்து பிழைத்து வந்த ஒரு தொழிலாளி! ஜான் அகஸ்டஸ் என்பது அவர் பெயர்.

1841-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பாஸ்டன் காவல் நீதிமன்றத்திலே ஒரு குடிகாரன் நிறுத்தப்பட்டான். கந்தல் உடை, கலங்கிய கண், அடுத்த நொடியிலே சிறை. அகஸ்டஸ் எழுந்து அவனுக்குப் பிணை நின்றார். குறித்த நாளிலே திரும்ப அழைத்து வந்தபோது ஆளே மாறியிருந்தான். நீதிபதி பெயரளவுக்கு ஓர் அபராதம் விதித்து அனுப்பிவிட்டார். அன்று தொடங்கிய பணியை அகஸ்டஸ் 1859-இல் கண் மூடும் வரையிலே விடவில்லை. அவர் பிணை நின்று காத்தவர்கள் 1,946 பேர் என்று கணக்குச் சொல்லப்படுகிறது. ஆண்கள், பெண்கள், சிறுவர் அனைவரும் இதிலே அடங்குவர்.

அவரை யார் எதிர்த்தனர் என்பதையும் நினைவிலே நிறுத்த வேண்டும். குற்றவாளியைச் சிறைக்குக் கொண்டு சேர்த்தால் அதற்கொரு கூலி கிடைக்கும் அந்நாளைய நீதிமன்றச் சிப்பந்திகளுக்கு. ஒருவன் பிணையிலே போனால் அந்தக் கூலி போயிற்று! எனவே எரிச்சல், எனவே எதிர்ப்பு. சிறை நிரம்புவதிலே எவருக்கேனும் ஆதாயம் இருக்கும் வரையில், சிறைக்கு மாற்றுத் தேடுபவனுக்குப் பகை இருந்தே தீரும் என்ற பாடத்தை அன்றே கற்றுத் தந்தது பாஸ்டன்.

அகஸ்டஸ் எல்லோருக்கும் பிணை நின்றாரில்லை. பெரும்பாலும் முதற் குற்றவாளிகளையே தேர்ந்தார். அவர்களுடைய முந்தைய குணம், வயது, இனி அவர்களைச் சூழ்ந்திருக்கப் போகும் மனிதர்கள் என்பனவற்றை ஆராய்ந்தார். பின்னாளிலே உலகெங்கும் சட்டங்களிலே ஏறிய அளவுகோல்கள் இவையே. 1878-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஊதியம் பெறும் நன்னடத்தை அலுவலரை நியமிக்கச் சட்டம் இயற்றியது. இங்கிலாந்திலே 1876 முதல் மதுவிலக்குச் சங்கத்தின் ஊழியர்கள் காவல் நீதிமன்றங்களுக்குச் சென்று இத்தகைய பணியைச் செய்து வந்தனர். 1887-இல் முதற் குற்றவாளிகள் சட்டமும், 1907-இல் முழுமையான நன்னடத்தைச் சட்டமும் அங்கு வந்தன. அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்களுக்கு இவ்வுரிமை 1925-இல்தான் கிடைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1898-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 562-ஆம் பிரிவு, சில முதற் குற்றவாளிகளை எச்சரித்தோ பிணை பெற்றோ விடுவிக்க இடம் தந்தது. சென்னை மாகாணம் தனக்கெனத் தனி நன்னடத்தைச் சட்டம் ஒன்றை வகுத்துக் கொண்டது. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் என்ற பெயரோடு 1937-ஆம் ஆண்டின் 3-ஆம் சட்டமாக அது ஏடேறியது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1958-இல் வந்தது.

அந்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நல்ல கூறுகளை மறைக்க மாட்டோம். சிறு திருட்டு போன்ற குற்றங்களிலே முதன்முறை சிக்கியவனைக் கண்டித்து அனுப்பலாம். மரணமோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் அல்லாத பிறவற்றிலே, மூன்றாண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் விடலாம். 21 வயதுக்குட்பட்ட இளைஞனைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமாயின், அதற்கு முன்னர் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். சிறைதான் வழி என்பதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். 1964-இல் 16 வயதுச் சிறுவன் ஒருவனது வழக்கில், மேல்முறையீட்டிலும் இச்சட்டத்தின் பயனைத் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 361-ஆம் பிரிவு மேலும் ஓரடி முன்னே சென்றது. நன்னடத்தை வழியிலே விட்டிருக்கத் தக்கவனை விடவில்லையெனில், அதற்கான தனிக் காரணத்தை நீதிபதி தீர்ப்பிலே எழுதியாக வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் 402-ஆம் பிரிவாக இது தொடர்கிறது.

சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் உள்ளே நுழைகிறவர் யார், வாசலிலேயே நிறுத்தப்படுகிறவர் யார் என்பதை இனிப் பார்ப்போம்.

வீடில்லாதவனை எந்த வீட்டுக்கு அனுப்புவது?

1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவிலே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நன்னடத்தைப் பிணையில் விடுவதற்கு முன்னர், குற்றவாளிக்கோ அவனது பிணையாளுக்கோ நிலையான உறைவிடமோ, ஒழுங்கான தொழிலோ அந்த வட்டாரத்தில் உண்டு என்று நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கண்காணிக்கப்பட வேண்டியவன் கண்ணுக்கு எட்டும் இடத்திலே இருக்க வேண்டாமா? வேண்டும். ஆனால் நடைபாதையிலே படுத்துறங்கும் கூலிக்காரனை எண்ணுங்கள். சூளையிலிருந்து சூளைக்கும், கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கும் பிழைப்புத் தேடி அலையும் குடும்பத்தை எண்ணுங்கள். அவனுக்கு உறைவிடம் எங்கே? ஒழுங்கான தொழில் எங்கே? அவனுக்காகப் பிணை நிற்க, சொத்துள்ள உறவினன் எங்கே? வறுமை அவனைத் திருட வைத்தது. அதே வறுமை அவனைச் சிறைக்கும் அனுப்பி வைக்கிறது. குற்றத்துக்குக் காரணமாக இருந்ததே தண்டனைக்கும் காரணமாகிறது.

தமிழன் இந்தக் கதையை அறியாதவனல்லன். புகாரிலிருந்து மதுரை வந்த கோவலனுக்கு அந்நகரிலே உறைவிடம் ஏது? ஆயர்குலத்து மாதரி அளித்த நிழலைத் தவிர? அவனை அறிந்து சொல்ல, அரசவையிலே யார் இருந்தார்? அரண்மனைப் பொற்கொல்லன் சொல் ஏறிற்று. அயலூரான் உயிர் இறங்கிற்று. விசாரணை இல்லாத தண்டனை அது. இன்று விசாரணை உண்டு. ஆனால் விசாரணை முடிந்த பின்னும் அயலூரானுக்குப் பரிந்து பேச ஆள் இல்லாத நிலை மாறவில்லை.

1978-இல் மத்தியப் பிரதேசத்து ஏழைக் கொத்தனார் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அவரைப் பிணையில் விடச் சொல்லி உத்தரவாகியிருந்தது. கீழ் நீதிபதி 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். கொத்தனாரின் தம்பி பிணை நிற்க முன்வந்தபோது, அவர் வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ண ஐயர் இதைக் கடுமையாகக் கண்டித்து, 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே விடச் செய்தார். இந்தியர் ஒருவர் தம் நாட்டிலேயே அடுத்த மாவட்டத்தில் அந்நியரா என்ற கேள்வி அன்று எழுந்தது. இன்றும் அது எழ வேண்டிய கேள்வியே.

பிணை பற்றி ஏன் இங்கே பேசுகிறோம் என்று தோழர்கள் கேட்கலாம். தீர்ப்புக்கு முன்னர் கிடைக்கும் பிணைக்கும், தீர்ப்புக்குப் பின்னர் கிடைக்கும் நன்னடத்தை விடுதலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வெளியே இருப்பவன் வேலையைக் காத்துக் கொள்கிறான், வழக்கறிஞரைப் பார்க்கிறான், திருந்திவிட்டதைக் காட்டிக் கொள்ள அவனுக்கு நாளும் பொழுதும் உண்டு. உள்ளே இருப்பவன் வேலையை இழக்கிறான், வீட்டை இழக்கிறான், தீர்ப்பு நாளில் வெறுங்கையோடு, அழுக்குடையோடு நிற்கிறான். "இவனுக்குத் தொழில் உண்டா?" என்று கேட்கிறது நீதிமன்றம். இருந்த தொழிலைப் பறித்துக் கொண்டது எது என்று அது கேட்பதில்லை.

இதை ஆராய்ந்து காட்டினர் நியூயார்க்கிலே. 1961-இல் வேரா நிறுவனத்தார் மன்ஹாட்டன் பிணைத் திட்டத்தைத் தொடங்கினர். பணப் பிணை கேட்காமல், குடும்பம், தொழில், குடியிருப்பு என்ற வேர்களை விசாரித்து, சொந்த உறுதிமொழியின் பேரில் விடுமாறு நீதிமன்றங்களுக்குப் பரிந்துரைத்தனர். முதல் மூன்றாண்டுக் காலத்தில் அப்படி விடப்பட்டவர்களிலே நூற்றுக்கு இருவருக்கும் குறைவானவர்களே திரும்பி வராமல் ஏமாற்றினர். காவலிலேயே கிடந்தவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதும் வெளிப்பட்டது. 1966-ஆம் ஆண்டு அமெரிக்கப் பிணைச் சீர்திருத்தச் சட்டம் இதன் விளைவுகளிலே ஒன்று.

நம் நாட்டு நிலை என்ன? 2022-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளிலே இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களிலே விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். நூற்றுக்கு 75-க்கும் மேல்! குற்றவாளி என்று தீர்ப்பாகாமலேயே சிறையிலே கிடந்த கூட்டம் இது. நன்னடத்தைச் சட்டம் என்ன செய்யும் இவர்களுக்கு? மருந்து வருமுன்னரே நோயாளியைப் புதைத்துவிடுகிறோம்.

அறிக்கை எழுதும் கை

நீதிபதி குற்றவாளியைப் பார்ப்பது சில நிமிடம். அவனுடைய வாழ்க்கையை அவருக்குச் சொல்வது நன்னடத்தை அலுவலரின் அறிக்கை. அவ்வறிக்கையின் வலிமை எவ்வளவு? கார்ட்டர், வில்கின்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர் 1967-இல் கலிபோர்னிய நீதிமன்றங்களை ஆராய்ந்து எழுதினர். அலுவலர் விடுவிக்கலாம் என்று பரிந்துரைத்த வழக்குகளிலே, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் நீதிபதி அதையே ஏற்றுக் கொண்டதைக் கண்டனர். தீர்ப்பு நீதிபதியின் வாயிலிருந்து வருகிறது; ஆனால் பெரும்பாலும் அது அலுவலரின் பேனாவிலே முன்னரே பிறந்துவிடுகிறது.

அந்தப் பேனாவைப் பிடித்திருக்கும் கை எல்லோரையும் ஒரே கண்ணோடு பார்க்கிறதா? பிரிட்ஜஸ், ஸ்டீன் என்ற இரு சமூகவியலார் வாஷிங்டன் மாநிலத்தில் இளங்குற்றவாளிகளைப் பற்றிய அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டனர். வெள்ளை இளைஞன் தவறு செய்தால் அதற்கு அவனது சூழல் காரணமாகக் காட்டப்பட்டது. கூடாநட்பு, குடும்பச் சிக்கல் என்று எழுதப்பட்டது. கறுப்பு இளைஞன் தவறு செய்தாலோ அவனது மனப்பாங்கும் குணமும் காரணமாகக் காட்டப்பட்டன. சூழல் மாறும், எனவே வெள்ளையன் திருந்துவான். குணம் மாறாது, எனவே கறுப்பன் ஆபத்தானவன். ஒருவனுக்குப் பரிவு, மற்றவனுக்குச் சிறை! பொய் எழுதப்படவில்லை அங்கே. கண் வழியே புகுந்த நிறம் பேனா வழியே இறங்கியது, அவ்வளவுதான்.

விளைவு கணக்கிலே தெரிகிறது. அமெரிக்கக் கூட்டரசுத் தண்டனை ஆணையம் 2017 முதல் 2021 வரையிலான வழக்குகளை ஆராய்ந்து 2023-இல் அறிக்கை தந்தது. வெள்ளை ஆண்களோடு ஒப்பிட, கறுப்பு ஆண்களுக்கு நன்னடத்தைத் தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 23.4 சதவீதம் குறைவு. இஸ்பானிய வழியினருக்கு 26.6 சதவீதம் குறைவு. வேறு பல காரணங்களைக் கழித்துப் பார்த்த பின்னரும் எஞ்சி நின்ற வேறுபாடு இது. அரசே அமைத்த ஆணையம் சொன்ன கணக்கு, புரட்சிக்காரர் கூட்டிய கணக்கல்ல!

பணத்தின் கதையையும் சொல்லிவிடுவோம். 2013-இல் டெக்சாஸ் மாநிலத்திலே குடித்துவிட்டு வண்டியோட்டி நால்வரைக் கொன்றான் ஒரு செல்வர் வீட்டு 16 வயதுப் பிள்ளை. அவன் தரப்பிலே சாட்சி சொன்ன உளவியலார், செல்வச் செழிப்பிலே வளர்ந்ததால் தன் செயலின் விளைவை அறியாதவனாகிவிட்டான் என்று விளக்கினார். செல்வமே ஒரு நோய் என்ற பொருளிலே அதற்கொரு பெயரும் சூட்டப்பட்டது. நீதிமன்றம் பத்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் அவனை விட்டது. நீதிபதி அந்த விளக்கத்தை ஏற்றுத்தான் விட்டார் என்று நாம் கூறவில்லை. இளைஞனைச் சிறையிலே தள்ளாதது தவறு என்றும் கூறவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றே. செழிப்பு அறியாமையை வளர்த்தது என்று வாதாட ஒரு வல்லுநர் கிடைக்கிறார். பசி பிழையை வளர்த்தது என்று ஏழைச் சிறுவனுக்காக வாதாட எத்தனை வல்லுநர் கிடைக்கின்றனர்?

பழைய குற்றம் என்னும் பழி

"முன்பே தண்டனை பெற்றவன்" என்பது நன்னடத்தைக் கதவை மூடும் பெரிய பூட்டு. நியாயமான பூட்டுப்போலவே தோன்றும். ஆனால் பழைய குற்றம் என்பதே சில வேளைகளிலே அரசு தயாரித்துக் கொடுத்த பொருள் என்பதை நம் நாட்டு வரலாறு காட்டும்.

1871-இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குலத்தையே குற்றவாளி என்று அறிவித்து, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவிலே நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தினர். அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவைப் படித்தால் நெஞ்சம் பதறும். அறிவிக்கப்பட்ட குலத்தவன் குறிப்பிட்ட குற்றங்களிலே இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால், தனிக்காரணம் இல்லாதவரையில், ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறையாயின் ஆயுள் முழுவதும் நாடு கடத்தல்! அதே குற்றத்தை வேறு குலத்தவன் செய்தால் இந்தக் கட்டாயம் இல்லை. கைரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது, உயிர்கள் பலியாயின.

சென்னை மாகாணத்திலே 1947-லும், இந்தியா முழுவதிலும் 1952-லும் அச்சட்டம் ஒழிந்தது. ஒழிந்த இடத்திலே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டங்கள் முளைத்தன. பெயர் மாறியது, பார்வை எளிதிலே மாறவில்லை. 2024 அக்டோபர் 3-ஆம் நாள்தான், சிறைகளிலே சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகளையும், சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று தள்ளியது. விடுதலை பெற்று 77 ஆண்டுகள் கழித்து! பிறப்பினாலே சந்தேகிக்கப்பட்டவன் எளிதிலே பிடிபடுகிறான். பிடிபட்டவன் எளிதிலே தண்டிக்கப்படுகிறான். தண்டிக்கப்பட்டவனுக்கு மறுமுறை நன்னடத்தை வாய்ப்பு இல்லை. சங்கிலியின் முதற் கண்ணி சாதி; கடைசிக் கண்ணியிலே எழுதியிருப்பதோ 'பழைய குற்றவாளி' என்பது.

பின் என்ன செய்வது?

இவ்வளவையும் கேட்டபின் சிலர் சொல்லக்கூடும்: நீதிபதியின் விருப்புரிமையே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே தண்டனை என்று கட்டாயமாக்கிவிடலாமே என்று. அமெரிக்கா அதையும் செய்து பார்த்தது. 1984-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1987 முதல் அட்டவணை போட்டுத் தண்டனை அளந்தனர். நன்னடத்தை விடுதலை பெருமளவு சுருங்கியது. 1986-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலே பொடிக் கொக்கெயினுக்கும் கட்டிக் கொக்கெயினுக்கும் இடையே எடையில் 100-க்கு 1 என்ற வேறுபாடு வைத்தனர். கட்டியிலே 5 கிராமுக்கு விழுந்த கட்டாயச் சிறை, பொடியிலே 500 கிராமுக்குத்தான் விழுந்தது. கட்டியை வைத்திருந்து சிக்கியோரிலே பெரும்பாலோர் கறுப்பர். 2010-இல் அதனை 18-க்கு 1 என்று குறைத்தனரே அன்றி ஒழித்தாரில்லை. நீதிபதியின் மனத்திலிருந்து துரத்தப்பட்ட பாகுபாடு சட்டத்தின் அட்டவணையிலே குடியேறியது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அந்த அட்டவணைகள் வெறும் அறிவுரையே என்று ஆக்க வேண்டியதாயிற்று.

அப்படியாயின் விருப்புரிமையை எங்குமே மறுக்கக் கூடாதா? அதற்கும் விடை நம் சட்டங்களிலே உண்டு. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமை ஒழிப்புச் சட்டத்திலே 1976-இல் சேர்த்த 16-அ பிரிவு, 14 வயதுக்கு மேற்பட்ட குற்றவாளிக்கு நன்னடத்தைச் சட்டம் பொருந்தாது என்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, 18 வயதுக்கு மேற்பட்டோர்க்கு அதனை மறுக்கிறது. ஏன்? நல்ல குடும்பம், நிலையான வீடு, ஊரிலே மதிப்பு என்று நன்னடத்தைக்கு வேண்டிய தகுதிகள் அத்தனையும் ஆதிக்கச் சாதியாரிடம் நிறைந்திருக்கும். குடிசைக்குத் தீ வைத்தவன், ஊர்ப் பெரிய மனிதன் என்ற சான்றோடு வீட்டுக்குப் போய்விடுவான். அதைத் தடுக்கவே இவ்விரு பிரிவுகள். வலியவன் எளியவனைச் சாதியின் பேரால் மிதிக்கும் குற்றத்திலே கருணைக் கதவை மூடியது சரியே. எளியவன் வறுமையால் இடறி விழும் குற்றத்திலே அதே கதவை அகலத் திறக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதற்கு வழிகள் உண்டு. நிலையான உறைவிடம் இல்லாதவனுக்கு அரசே தங்குமிடம் தந்து, அதையே அவன் உறைவிடமாகக் கொள்ளலாம். பணப் பிணையாளுக்கு மாறாக, வேலை தரும் நிறுவனமோ தொழிற்சங்கமோ தரும் உறுதிமொழியை ஏற்கலாம். நன்னடத்தை அலுவலர்களின் எண்ணிக்கையைப் பெருக்கி, அவர்களுக்குச் சமூகநீதிப் பயிற்சி அளித்து, அறிக்கையிலே குணப் பழியை விடுத்து உண்மைகளை எழுதச் செய்யலாம். 2024 முதல் நடைமுறையிலுள்ள புதிய தண்டனைச் சட்டம் 'சமூகப் பணி'யைத் தண்டனை வகைகளிலே ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன் அதனைத் திருப்பித் தந்தால், அவனுக்குச் சமூகப் பணியே தண்டனை. நல்ல தொடக்கம்தான். அதுவும் பொருளைத் திருப்பித் தர வகையுள்ளவனுக்கே கிட்டும் என்பதையும் மறந்துவிடலாகாது. பசிக்குத் திருடித் தின்றவன் எதைத் திருப்பித் தருவான்?

எல்லாவற்றுக்கும் மேலாக, கைவசம் இருக்கும் கருவியைக் கூர்மையாக்க வேண்டும். காரணத்தை எழுது என்று நீதிபதிக்குக் கட்டளையிடும் அந்தப் பிரிவு, பகுத்தறிவின் குரல் அல்லவா? ஏன் என்று கேள் என்பதுதானே நம் இயக்கம் கற்றுத் தந்த முதற்பாடம்! சிறைக்கு அனுப்பிய ஒவ்வொரு தீர்ப்பிலும் அக்காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் இளைஞர் கூட்டம் வேண்டும்.

தோழர்களே! நீதிமன்றங்கள் திறந்த மன்றங்கள்; எவரும் சென்று அமர்ந்து கேட்கலாம். பாஸ்டன் மன்றத்திலே பார்வையாளராய் அமர்ந்திருந்த ஒரு காலணித் தொழிலாளி எழுந்து நின்றதால்தான் உலகம் ஒரு புதிய வழி கண்டது. அவரிடம் சட்டப் பட்டம் இல்லை, பதவி இல்லை, கேட்பாரற்றவனுக்காகப் பேசும் துணிவு இருந்தது. உங்கள் ஊர் நீதிமன்றத்திலே யார் வீட்டுக்குப் போகிறார், யார் சிறைக்குப் போகிறார் என்று கணக்கெடுங்கள். அறியாதார்க்கு இச்சட்டத்தைச் சொல்லிக் கொடுங்கள். இலவசச் சட்ட உதவி அவர்களுடைய உரிமை என்பதை எடுத்துரையுங்கள். குற்றத்தை நிறுக்கும் தராசிலே குலத்தையும் குடிசையையும் சேர்த்து நிறுக்கும் வழக்கம், கேள்வி கேட்கப்படாத இடத்திலேதான் நீடிக்கும். கேட்போம், காரணத்தை எழுதும் வரையிலே கேட்போம்.